ஞாயிற்றுக்கிழமை இருப்பு

வாகீசனின் வானில் இடப்பக்கக் கண்ணாடி ஏறாது.
பண்ணைப் பாலத்தில்
வாடை உள்ளே வந்து மடியில் குந்துகிறது.
மெற்றில்டா மிஸ் இரண்டு சுவெற்றர் போட்டு
மேலே ஒரு துவாயும் சுற்றியிருக்கிறா.
தை பிறந்து நாலு நாள்.
மாரித் தண்ணீர் தெருவோரம் வரை நிற்கிறது.

கிழமையில் ஐந்து நாள்
கொடிகாமத்தில் வங்கிக் காசு எண்ணுகிறவள் நான்.
நூறு தாளுக்கு ஒரு றப்பர் வளையம்.
பத்து ரூபாய் உதைத்தாலும்
விளக்கை அணைத்து வீட்டுக்குப் போக முடியாது.
ஞாயிறுகளில் நீர்ப்பறவை எண்ணுகிறேன்.
சரிபார்க்க நேற்றைய இருப்பு இல்லை,
எந்தப் பறவையும் கையெழுத்து வைப்பதில்லை.

மண்டைதீவுச் சந்தி தாண்டி இறங்கினோம்.
காலடியில் சங்குத் தூள், கடற்சாதாளை, ஒற்றைச் செருப்பு.
முதலில் பத்தை எண்ண வேண்டும்.
பத்தின் அகலத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு
அதைத் தூக்கித் தூக்கிக் கூட்டத்தின்மேல் வைக்க வேண்டும்,
துணி அளக்கிற முழம் மாதிரி.
ஊசிவால் வாத்து முந்நூறு.
கரண்டிவாயன் பதினேழு,
ஒன்று தூக்கத்தில், வாயை முதுகுக்குள் செருகியபடி.
உள்ளான்களை விட்டுவிட்டேன்.
சேறு தானாக நகர்வதுபோல் இருந்தது.

மிஸ்ஸின் தொலைநோக்கிக்கு வலக்கண்ணில் பூஞ்சணம்.
"ஆமி வீடு வீடாத் தேடேக்கை
பொலித்தீனிலை சுத்தி
கோழிக்கூட்டுக்குக் கீழை தாட்டனான்.
மூண்டு மாரி கிடந்தது."
அவ்வளவுதான் சொன்னா.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
மறுபடி எண்ணத் தொடங்கினா.

பூநாரைதான் பிரச்சினை.
வாகீசனுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது.
எனக்கு ஆயிரத்து அறுபது.
"சராசரி எடுப்பம்" என்றா மிஸ்.
"சராசரிப் பூநாரை எண்டு ஒண்டு இல்லை மிஸ்" என்றான் அவன்.
இன்னொருக்கால் எண்ணுவம் என்று குனிய
ஊர்காவற்றுறை பஸ் ஹோர்ன் அடித்தது.

எழும்பின.
முதலில் ஓரம், பிறகு நடு,
தண்ணீர்மேல் ஓடி ஓடி
முழுக் கரையும்.
இவ்வளவு நேரம் வெள்ளைத் தாளாக நின்றவை,
பின்பக்கம் எல்லாம் சிவப்பு மை.
மூன்று பேரும் எண்ணவில்லை.
வாகீசனின் விரல் மட்டும் பழக்கத்தில்
எண்ணியை அமுக்கிக்கொண்டிருந்தது,
டிக், டிக், டிக்,
எதற்கென்று தெரியாமல்.

கலங்கண்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பெடியன்
ஒரு காதிலிருந்து வயரைக் கழற்றினான்.
"என்ன எண்ணுறியள்?"
"பறவை."
"காசு தாறவங்களோ?"
"இல்லை."
"அப்ப என்ரை இறாலையும் ஒருக்கா எண்ணித் தாங்கோவன்."
சிரித்தோம்.
வலையை உதறிக்கொண்டே சொன்னான்:
"நேற்றிரவு ஒரு கூட்டம் போனது.
ஒண்டும் தெரியேல்லை, சத்தம் மட்டும்.
கனநேரம் போனது.
அதையும் சேத்திட்டியளோ?"

என்ன பறவை என்று கேட்டேன்.
வாயைக் குவித்து ஒரு சத்தம் போட்டுக் காட்டினான்.
வாகீசன், கருவால் மூக்கன் என்றான்.
மிஸ் இல்லை என்றா.
அவன் திரும்பப் போட்டான்,
இந்தமுறை வேறு மாதிரி வந்தது.
"இருட்டுக்கை நல்லாக் கேட்டது" என்றான்,
கொஞ்சம் வெட்கப்பட்டு.

படிவத்தில்
இனம், எண்ணிக்கை, குறிப்பு என்று மூன்று பெட்டி.
குறிப்பில் எழுதினேன்:
ஒரு கூட்டம். நேற்றிரவு. கேட்டவர் ஒருவர்.
எண்ணிக்கையில் பேனை கொஞ்சம் நின்றது.
பூச்சியம் போடக் கை வரவில்லை.
ஒரு கோடு இழுத்தேன்,
சற்று நீளமாக,
அடுத்த பெட்டிக்குள்ளும் போய்விட்டது.

வானைத் தள்ளித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.
பெடியன் கரையேறி வந்து
ஈரக் கையோடு ஒரு தோள் கொடுத்தான்.
கண்ணாடி ஏறாத பக்கத்தில் நான்.
அவை எங்கே இறங்கின என்று
ஒருவரும் பார்க்கவில்லை.